கினாபாத்தாங்கான் ஆற்றுப் பயணம்: 71 வயது அப்பாவுடன் போகிறேன், எப்படித் தயாராவது?

வால்பாறை மகள்

வணக்கம். மலேசியாவின் சபா மாநிலத்தில் கினாபாத்தாங்கான் ஆற்றில் படகில் போய் விலங்குகளையும் பறவைகளையும் பார்த்துவர அப்பாவை அழைத்துச் செல்லப் போகிறேன். நான் பள்ளி ஆசிரியை. மே மாதக் கடைசி அல்லது டிசம்பர் அரையாண்டு விடுமுறை, இரண்டில் ஒன்றுதான் எனக்கு வாய்க்கும்.

அப்பாவுக்கு 71 வயது. வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 33 ஆண்டுகள் கணக்கராக இருந்தவர். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், சோலை தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய மரம் இருந்தது. அதன் பொந்தில் ஆண்டுதோறும் ஓர் இருவாச்சிப் பெண் பறவை தன்னை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பழம் கொடுத்தது என்று பழைய பேரேட்டில் அப்பா குறித்துவைப்பார். அந்தப் பேரேடு இன்றும் அவர் அலமாரியில் இருக்கிறது. போர்னியோவில் எட்டு வகை இருவாச்சிகள் உண்டு என்று எங்கோ படித்ததிலிருந்து அவருக்கு இந்த ஆசை. வாய்விட்டுக் கேட்கவில்லை. பேரேட்டில் எட்டுப் பெயர்களையும் எழுதிவைத்திருந்ததை நான்தான் பார்த்தேன்.

வலது முழங்காலில் வலி உண்டு, தரையில் உட்கார முடியாது. சர்க்கரைக்கு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை (அதில் ஒன்று நீர் பிரிவதற்கானது), ஓர் ஆஸ்பிரின். நீந்தத் தெரியாது. நாங்கள் சைவம். அட்டைக்கடி எங்கள் இருவருக்கும் புதிதல்ல. ஆனால் அந்த ஊர் வெக்கையும் திறந்த படகும் எங்களுக்குப் பழக்கமில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: எந்த மாதம், எந்த ஊரில் தங்குவது, என்ன உடை, எதை விட்டுவிட்டுப் போகலாம்? இப்போது வீட்டில் ஒரு பெரிய பெட்டி பாதி நிரம்பிக் கிடக்கிறது.

நாடோடி திருச்சி

டிசம்பர் வேண்டாம். நமக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் சபாவின் கிழக்குக் கரையிலும் கொட்டித்தீர்க்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழைக்காலம். நான் டிசம்பர் கடைசி வாரத்தில் போனேன். ஆறு கரையேறி, விடுதியின் நடைபலகைக்கு மேல் தண்ணீர் நின்றது. நான்கு சவாரிக்குப் பணம் கட்டியிருந்தேன். ஒன்று முழுதாகக் கிடைத்தது, இன்னொன்று பாதியில் திரும்பியது. முன்பதிவு செய்துகொடுத்தவர் வானிலைக்குத் தாம் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். முன்பணம் கட்டுவதற்கு முன்பே, வெள்ளம் வந்தால் தொகை திரும்புமா, தேதியை மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியாவில் 30 நாள் வரை விசா விலக்கு இருக்கிறது. நீங்கள் போகும் தேதிக்கும் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். மின்னணு வருகை அட்டையை மலேசியாவில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கோலாலம்பூரில் முத்திரை வாங்கியதோடு முடியாது. சபாவில் இறங்கியதும் மறுபடி குடிநுழைவுச் சோதனை உண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

ஈப்போ செம்பனையான்

தங்கைக்கு வணக்கம். நான் ஈப்போக்காரன். 2011 முதல் ஆறு முறை கினாபாத்தாங்கானுக்குப் போய்வந்திருக்கிறேன். உங்கள் அப்பா தோட்டத்து மனிதர் என்று படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பாவும் தோட்டத்தில்தான் உழைத்தார், பேரா மாநிலத்தில் பால்மரம் வெட்டினார் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம்). எனக்குப் பத்து வயதானபோது பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கும் பனை, நட்டார்கள். அதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

முதலில் படகு. மாடியும் அறைகளும் வைத்த கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் திறந்த படகு. நான் போன எதிலும் கூரை இல்லை. இருந்தால் மரத்தின் உச்சியைப் பார்க்க முடியாது. பின்னால் இயந்திரத்தோடு படகோட்டி, முன்னால் வழிகாட்டி. விடிந்ததும் ஆறு மணிக்கு ஒரு சவாரி, மாலை நான்கு மணிக்கு ஒன்று, விரும்பினால் இரவில் ஒன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். படகில் கழிப்பறை இல்லை. சில படகுகளில் சாய்மானம் உள்ள இருக்கை உண்டு, சிலவற்றில் வெறும் பலகைதான். உங்கள் அப்பாவுக்குச் சாய்மானம் வேண்டும். விடுதிக்கு எழுதும்போதே இதைக் கேளுங்கள். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது படித்துறையைப் பற்றி. ஆற்றின் மட்டம் மழைக்கும் வெயிலுக்கும் ஆளுயரத்துக்கு மேல் ஏறி இறங்கும். தண்ணீர் குறைந்த நாளில் நான் இருபது படிக்கு மேல் இறங்கிப் படகில் ஏறியிருக்கிறேன். படிகளில் சேறு படிந்திருந்தது. கைப்பிடி இருக்கிறதா, மிதக்கும் துறை இருக்கிறதா? முழங்கால் வலிக்காரருக்கு இந்த இரண்டு கேள்விகளும் அறையில் குளிர்சாதனம் இருக்கிறதா என்பதைவிடப் பெரியவை.

ஊர் என்று பார்த்தால் சுக்காவ் போதும். சண்டாக்கான் விமான நிலையத்திலிருந்து தரைவழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். பிலிட்டும் நல்ல இடந்தான். ஆபாய் கடலுக்குப் பக்கம், படகில்தான் போக வேண்டும். வயதானவரோடு முதல்முறை போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மூன்று இரவுகள் தங்குங்கள். ஓர் இரவு தங்கித் திரும்புகிறவர்கள் ஒரு மழையில் எல்லாவற்றையும் இழந்துவிடுகிறார்கள். மே கடைசி நல்ல பருவம். ஆனாலும் மழை வரும். மழையே இல்லாத மாதம் அங்கே கிடையாது.

அந்தப் பாதி நிரம்பிய பெட்டியைக் காலி செய்யுங்கள். கினாபாத்தாங்கானில் ஈரம் எதையும் விடாது. காலையில் நனைந்த பருத்திச் சட்டை மறுநாள் காலையிலும் ஈரமாகவே தொங்கும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் உலரும் மெல்லிய துணியில் முழுக்கைச் சட்டை மூன்று, முழுக்கால் சட்டை இரண்டு, ஆளுக்கு இது போதும். சாம்பல், மண், பாசி நிறங்களில் இருக்கட்டும். தலைக்கு நாடா கட்டிய தொப்பி. நாடா இல்லாத தொப்பி ஆற்றோடு போய்விடும். குடை படகில் உதவாது, பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாமல் போகும். தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் மழையங்கி வாங்குங்கள். முழங்காலுக்குக் கீழே வரை நீண்டிருக்க வேண்டும். உட்காரும்போது மடியில்தான் தண்ணீர் தேங்கும்.

காலுக்கு, மலேசியாவில் இறங்கியதும் ஏதாவது ஒரு சாமான் கடையில் 'அடிடாஸ் கம்போங்' என்று கேளுங்கள். கறுப்பு ரப்பரில் வார்த்த சப்பாத்து. அடியில் முள்முள்ளாக இருக்கும். பால்மரம் வெட்டுகிறவர்கள் காலம்காலமாகப் போட்டது, மலையேறும் சுமைதூக்கிகளும் அதைத்தான் போடுகிறார்கள். பத்துப் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) விலை. சேற்றில் வழுக்காது, கழுவினால் உடனே காய்ந்துவிடும். என் அப்பா ஒரு சோடியை மூன்று ஆண்டுகள் போட்டிருக்கிறார். விலை உயர்ந்த மலையேற்றக் காலணிகளோடு வந்தவர்கள் முதல்நாளே அவற்றை நனைத்துவிட்டு, மீதி நாட்களில் ஈரக்காலோடு நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். கீரை வதக்கலிலும் பிளாச்சான் போடுவார்கள், இறால் விழுது அது. "மரக்கறி" என்று மட்டும் சொன்னால் அதோடுதான் வரும். மீன், இறால், பிளாச்சான் எதுவும் கூடாது என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். சோறும் முட்டைக்கோசும் வாழைப்பழமும் கட்டாயம் கிடைக்கும். ஒரு பொட்டலம் பருப்புப்பொடி கூட இருந்தால் அப்பாவுக்கு மனம் நிறையும்.

இனி நான் சொல்ல வந்தது.

சுக்காவ் அருகே மெனாங்குல் என்று ஒரு கிளையாறு உண்டு. அகலம் அதிகமில்லை, இரண்டு கரை மரங்களும் மேலே ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும். 2011-இல் முதல் மாலை அங்கே போனபோது வழிகாட்டி பெரிய இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சத்தமில்லாத மின்மோட்டாரைப் போட்டார். மேலே ஓர் ஆண் நீள்மூக்குக் குரங்கு உட்கார்ந்திருந்தது. மூக்கு வாய்க்குக் கீழே வரை தொங்கியது. இலையை மெல்லும்போது அந்த மூக்கை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டது. பக்கத்துக் கிளையில் ஒரு தாய், மார்பில் குட்டி. அந்தக் குட்டியின் முகம் நீலம். பிறந்த சில மாதங்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று வழிகாட்டி சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கூட்டம் ஆற்றைத் தாண்டிக் குதித்தது. கடைசியாகத் தாய். குதிப்பதற்கு முன் குட்டியை ஒருமுறை இறுக்கிக்கொண்டு, கிளையை இரண்டு தடவை அசைத்துப் பார்த்தது. எங்கள் தலைக்கு மேலே பறந்து எதிர்க்கரை இலைகளுக்குள் விழுந்தது. படகில் ஒருவர்கூடப் பேசவில்லை. அந்தக் குரங்கு போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

மாலையில் அவை ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வருகின்றன. அதனால்தான் நான்கு மணிச் சவாரி. இரண்டு நாளில் அவ்வளவு பார்த்தேன்: நீள்மூக்குக் குரங்குக் கூட்டங்கள் பத்துக்கு மேல், உவர்நீர் முதலைகள், பாம்புத்தாரா, மீன்கொத்திகள், அத்திமரத்தில் ஓர் ஓராங்குட்டான். காடு இவ்வளவு வளமாக இருக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன். மூன்றாம் நாள் காலை, படகிலிருந்து இறங்கிய பிறகு, விடுதிக்குப் பின்னால் நடைபலகை முடியும் இடத்திலிருந்து ஓர் ஒற்றையடிப்பாதையில் நடந்தேன். சில நூறு அடிதான். மரங்கள் நின்றுவிட்டன. எதிரே செம்பனை. நேர் நேர் வரிசை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. நான் பிறந்து வளர்ந்த அதே நிழல், அதே காய்ந்த மட்டை வாசம்.

அப்போதுதான் புரிந்தது. ஆற்றோரத்தில் அவ்வளவு விலங்குகள் தெரிவது அவற்றுக்குப் பின்னால் போக இடமில்லாததால். 2005-இல் சபா அரசு கீழ்க் கினாபாத்தாங்கானில் ஏறத்தாழ 26,000 ஹெக்டேரை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. அது ஒரே காடாக இல்லை. ஆற்றை ஒட்டிப் பத்துத் துண்டுகள், நடுநடுவே தோட்டங்களும் கிராமங்களும். 560 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது, சபாவிலேயே நீளமானது. ஓராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது. கிளையாறுகளுக்கு மேலே இருந்த பெருமரங்கள் வெட்டப்பட்ட பிறகு அது கடக்க வழியில்லாமல் போயிற்று. அங்கே உள்ளவர்கள் கிளையாறுகளுக்குக் குறுக்கே கயிற்றுப்பாலங்கள் கட்டிவைத்திருக்கிறார்கள். படகில் போகும்போது தலைக்கு மேலே தெரியும், அப்பாவுக்குக் காட்டுங்கள்.

தோட்டத்தைப் பழிக்க எனக்கு வாய் வராது. என்னையும் என் தம்பி தங்கையரையும் படிக்கவைத்தது அந்தச் சம்பளம். ஆனால் அந்த ஆற்றுக்குப் போகிறவர் எங்கே போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். தூங்க வந்த குரங்கு எழுந்து வேறு மரத்துக்குப் போனால், அதற்கு அடுத்த மரம் எத்தனை உண்டு? "இன்னும் கிட்டே போங்கள்" என்று வழிகாட்டியிடம் கேட்காதீர்கள். மற்றவர்கள் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டிய தயாரிப்பில் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

வால்பாறை மகள்

அண்ணா, அலுவலக அறையில் உட்கார்ந்து படித்தேன், கண் கலங்கிவிட்டது. இரவு அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக்காட்டினேன். நேர் நேர் வரிசை என்ற இடத்தில் "நம் தேயிலையும் அப்படித்தானே, சோலையை வெட்டித்தானே நட்டது" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

மே கடைசி என்று முடிவு செய்துவிட்டோம். சுக்காவ், மூன்று இரவுகள். மருத்துவர் பக்கம் என்ன பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நல்லது. அப்பாவிடம் பழைய 10x50 தொலைநோக்கி ஒன்று இருக்கிறது, கனமானது. அது போதுமா?

சிங்கப்பூர் செவிலி

நான் மருத்துவமனைச் செவிலி. என் மாமனாரோடு (அவருக்கும் சர்க்கரை) சுக்காவ் போயிருக்கிறேன். நான் எழுதுவது உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். பதிலை அவரிடமே பெறுங்கள்.

நீர் மாத்திரை. காலை ஆறு மணிச் சவாரிக்கு முன் அதைப் போட்டால் அப்பா நடு ஆற்றில் தவித்துப்போவார். திரும்பிவந்து காலை உணவோடு போடலாமா என்று கேளுங்கள். பெரியவர்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்துவிடுவார்கள், அந்த வெக்கையில் அது ஆபத்து. காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாகாது, உடம்பு குளிராது. வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். என் மாமனார் சொல்லாமல் சமாளிப்பவர். அவர் பேச்சு குறைந்ததைக் கொண்டுதான் களைத்துவிட்டார் என்று கண்டுபிடித்தேன்.

காலைச் சவாரி வெறும் வயிற்றில் தொடங்கும். முதலில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் தருவார்கள், சாப்பாடு திரும்பிவந்த பிறகுதான். சர்க்கரை மாத்திரையின் நேரத்தை இதற்கேற்ப மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். சட்டைப்பையில் நாலு கல்கண்டுத் துண்டுகள் எப்போதும் இருக்கட்டும்.

ஆஸ்பிரின் போடுகிறவரை அட்டை கடித்தால் இரத்தம் நெடுநேரம் நிற்காது. பயப்பட வேண்டியதில்லை, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கட்டுப்போடுங்கள். சர்க்கரைக்காரருக்குக் கடிவாய் புண்ணாகக் கூடாது என்பதுதான் கவலை. காட்டுநடைக்குப் போனால் முழங்கால் வரை ஏறும் நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை போடச் சொல்லுங்கள். ஒவ்வோர் இரவும் விரல் இடுக்கு வரை துடைத்து, கைவிளக்கு அடித்து அவர் பாதங்களைப் பாருங்கள். அவரை நம்பி விட்டுவிடாதீர்கள், நீங்களே பாருங்கள்.

கொசு. சபாவில் இப்போது வரும் மலேரியா பெரும்பாலும் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வருவது. பிளாஸ்மோடியம் நோலெசி என்று பெயர். நீளவால் குரங்கும் பன்றிவால் குரங்கும் அதைச் சுமக்கின்றன. இரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் என்பதால் வேகமாக முற்றும். தடுப்பு மாத்திரை தேவையா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள், டெங்குவுக்கும் சேர்த்துக் கொசுவிரட்டி பகலிலும் பூச வேண்டும். ஊர் திரும்பிய பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாக "போர்னியோக் காட்டுக்குப் போயிருந்தோம்" என்று சொல்லுங்கள். கோவையில் யாருக்கும் இது தானாகத் தோன்றாது.

வெயில் களிம்பு முதலில், அது ஊறிய பிறகு கொசுவிரட்டி. டீட் கலந்த விரட்டி பிளாஸ்டிக்கை இளக்கும். என் மூக்குக்கண்ணாடியின் விளிம்பு அப்படித்தான் கெட்டது. கையைத் துடைத்துவிட்டுத் தொலைநோக்கியைத் தொடச் சொல்லுங்கள்.

உயிர்காப்பு அங்கி: உட்காரும்போது இறுக்கமாக இருக்கிறது என்று பெரியவர்கள் கழற்றிவிடுவார்கள். அளவானதாகக் கேட்டு வாங்குங்கள். நீந்தத் தெரியாதவர் என்பதை வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கரிசல் கேமரா

படம் எடுப்பதானால் ஒன்று. குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேராகப் படகுக்குக் கொண்டுபோனால் வில்லை முழுக்கப் பனி படரும், முதல் இருபது நிமிடம் போய்விடும். இரவில் அதைப் பைக்குள் மூடியே வைத்து, கிளம்புவதற்கு அரைமணிக்கு முன்பே பையோடு வெளித்திண்ணையில் வைத்துவிடுங்கள். முக்காலி படகில் வீண், படகே ஆடும். தண்ணீர் புகாத சுருட்டுப்பை ஒன்று கட்டாயம். மழை சொல்லிக்கொண்டு வராது. இரவுச் சவாரியில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். தூங்கும் மீன்கொத்தியின் மேல் அடித்தால் அது இருட்டில் எங்கே போய் உட்காரும்?

ஈப்போ செம்பனையான்

தங்கச்சி, 10x50 வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும்போது கை நடுக்கமும் பத்து மடங்காகும், படகில் அது தாங்காது. எட்டு மடங்கு காட்டும் 8x42 யாரிடமாவது இரவல் வாங்குங்கள். வாங்கியதும் பெட்டியில் வைத்துவிடாமல் இப்போதே அப்பாவின் கழுத்தில் மாட்டிவிடுங்கள். கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை எடுக்காமலேயே தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக வேண்டும். குனிந்து தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு மறுபடி நிமிர்ந்து தேடினால், இருவாச்சி அதற்குள் ஆற்றைக் கடந்திருக்கும். மொட்டை மாடியில் காகத்தையும் மைனாவையும் வைத்து மூன்று வாரம் பழகட்டும்.

அந்த எட்டுப் பெயர்களைப் பற்றி. உங்கள் வால்பாறைப் பெரிய இருவாச்சி போர்னியோவில் கிடையாது, அவர் தேடி ஏமாறக் கூடாது. கறுப்பு வெள்ளையாக, அளவில் சிறியதாக, விடுதி மரத்திலேயே வந்து உட்காருவது ஒன்று உண்டு. அது முதல் நாளே கிடைத்துவிடும். கொம்பு மேல்நோக்கி வளைந்து செக்கச்செவேலென்று இருப்பதை நான் ஆறு பயணத்தில் நான்கில் பார்த்தேன். சோடியாகத்தான் பறக்கும், இறக்கைச் சத்தம் படகு வரைக்கும் கேட்கும். தலையில் கவசம் வைத்ததை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை, கேட்டிருக்கிறேன். ஒற்றை ஒற்றையாகக் கூவத் தொடங்கி, இடைவெளி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பெருஞ்சிரிப்பாக முடியும். அதன் தலைக்கவசம் உள்ளே திண்ணென்று இருப்பதால் தந்தம்போலச் செதுக்குவதற்காகவே வேட்டையாடினார்கள். 2015-இல் அது அழிவின் விளிம்பில் இருப்பதாக உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. குரல் மட்டும் கிடைத்தாலும் பேரேட்டில் அப்பா குறித்துக்கொள்ளட்டும். மூன்று நாளில் நாலைந்து வகை பார்த்தால் அது நல்ல பயணம். எட்டும் தேடி அவர் வருத்தப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யானையைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். போர்னியோ யானை ஆற்றோரமாகவே மேலும் கீழும் நடந்துகொண்டிருக்கும். நீங்கள் போகும் வாரம் சுக்காவில் இருக்கலாம், இரண்டு நாள் படகுத் தொலைவுக்கு அப்பாலும் இருக்கலாம். நான் ஆறில் இரண்டு முறை பார்த்தேன். வால் தரையைத் தொடுகிற மாதிரி நீண்டு தொங்கும். யாராவது "யானை உறுதி" என்று சொல்லிப் பணம் வாங்கினால் நம்ப வேண்டாம்.

வழியில் கோமந்தோங் குகைக்கும் கூட்டிப்போவார்கள். உணவுக்காகப் பறவைக்கூடு எடுக்கும் குகை, உள்ளே நடைபலகையும் கைப்பிடியும் ஈரமாக, வௌவால் எச்சமும் கரப்பான்பூச்சியும் மொய்த்துக் கிடக்கும். முழங்கால் வலியோடு அந்தக் கைப்பிடியை நம்பி நடக்க வேண்டாம். குகைவாயில் வெளியில் நின்று, மாலையில் வௌவால்கள் புகைபோல் சுருள் சுருளாகக் கிளம்புவதைப் பார்த்தால் போதும். மிச்சமிருக்கும் தெம்பை செப்பிலோக்குக்கு வையுங்கள். 1964-இலிருந்து அநாதை ஓராங்குட்டான்களைக் காட்டுக்குப் பழக்கும் இடம். சண்டாக்கானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நடைபாதை சமதளம், உட்கார இடமும் உண்டு.

படகோட்டிகள் பெரும்பாலும் அந்த ஆற்றங்கரை மக்கள், ஓராங் சுங்கை என்பார்கள். அவர்கள் கண்ணுக்கு நம் எந்தக் கருவியும் ஈடில்லை. இருவாச்சிக்கு மலாயில் 'எங்காங்'. முதல் நாள் ஏறும்போதே அப்பா அந்தச் சொல்லைச் சொல்லட்டும், பேரேட்டையும் காட்டட்டும். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வால்பாறை மகள்

விடுதியிலிருந்து பதில் வந்தது. மிதக்கும் துறை, இரண்டு பக்கமும் கைப்பிடி, சாய்மான இருக்கை எல்லாம் உண்டாம். பிளாச்சான் பற்றித் தனியாக எழுதினேன், சமையலறைக்குச் சொல்லிவிட்டார்கள். மருத்துவர் நீர் மாத்திரையின் நேரத்தை மாற்றித் தந்திருக்கிறார். பெரிய பெட்டி பரணுக்குப் போய்விட்டது. இப்போது ஆளுக்கு ஒரு முதுகுப்பைதான்.

பக்கத்துத் தெரு நண்பரிடமிருந்து 8x42 இரவல் வாங்கிவிட்டோம். அப்பா காலை ஆறு மணிக்கே மாடிக்குப் போய்விடுகிறார். நேற்று ஒரு மைனா தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னைக்குப் பறந்ததை முழுதாகத் தொடர்ந்து பார்த்துவிட்டதாகச் சொன்னார். பேரேட்டில் அதையும் மணியோடு எழுதியிருக்கிறார்.

அண்ணா, அப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். விடுதிக்குப் பின்னால் செம்பனை தெரியும் இடம் வரைக்கும் நடந்தீர்களே, அந்தப் பாதை அவர் காலுக்கு முடியுமா?

ஈப்போ செம்பனையான்

முடியும். சமதளந்தான், ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேர் குறுக்கே கிடக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலைச் சவாரி முடிந்து, சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். அடிடாஸ் கம்போங் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.